லாட்ஜ் வரியில் ஒரு கபடி மைதானம்

வரிப் பிரிவில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். தெருவில் நீங்கள் அளக்கும் டேப்பை வெளியே எடுத்தால், அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் இந்தக் காஞ்சிபுரத்தில் சர்வீஸ் முழுவதும் அப்படித்தான் நடந்தேன். கோயிலுக்குப் போனால்கூட வரிசையில் முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்து, "இன்னா மேடம், கோபுரத்தையும் அளக்கப் போறீங்களா?" என்பார். சாமி பார்க்க வந்த இடத்தில் அவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

என்னை இந்த வேலைக்குப் பழக்கியவர் ஒரு பில் கலெக்டர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம், அளக்கப் போன இடத்தில் டீ குடிக்காதே என்பது. டீ வந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பேச வேண்டும், பேசினால் ஒரு மாடி மறந்துபோகும் என்பார். மோர் கொடுத்தால் குடிக்கலாமா என்று கேட்டேன். குடிக்கலாம், மோரை நின்றுகொண்டே குடித்துவிட முடியும் என்றார். கடைசி வரைக்கும் அதை மீறாமல் இருந்தேன்.

சட்டமும் விதியும் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல நினைப்பது, ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு என் மேஜைக்கு வந்த ஒரு கோப்பைப் பற்றி. அதைப் படித்த எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டோம். அந்தக் கேள்விதான் சரியில்லை.

நம் ஊருக்கு வெளியாட்கள் இரண்டு காரியத்துக்கு வருகிறார்கள். சாமி பார்க்க, புடவை எடுக்க. இரண்டு கூட்டத்துக்கும் தங்க அறை வேண்டும், குளிக்க வெந்நீர் வேண்டும். லாட்ஜ்காரர்கள் முதலில் கீழ்த்தளமும் ஒரு மாடியும் கட்டினார்கள். கல்யாண சீசன் நன்றாகப் போன வருடத்தில் மேலே ஒன்று. அடுத்து நன்றாகப் போன வருடத்தில் அதற்கும் மேலே ஒன்று. கட்டடம் வளர்ந்துகொண்டே போக, வரி மட்டும் முதல் மாடியிலேயே நின்றது. ஆகவே லாட்ஜ், ஹோட்டல் எல்லாவற்றையும் மறுபடி அளந்து வரி போடுவது என்று நகர்மன்றத்தில் முடிவானது. அதில் கூடுதலாக வருவதை வார்டுகளில் பிள்ளைகள் விளையாடும் இடங்களைச் சரிசெய்ய ஒதுக்குவது என்றும் தீர்மானம் போட்டார்கள். முதல் இடமாக வந்தது லாட்ஜ் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலனி மைதானம்.

மைதானம் என்று சொன்னால் பச்சைப் புல்லை நினைக்காதீர்கள். சரளைக் கல்லும் பாட்டில் ஓடும் கலந்த ஒரு பொட்டல். ஒரு பக்கம் லாட்ஜ்களின் முதுகு, மறுபக்கம் காலனி வீடுகள். அந்தப் பொட்டலில் ஸ்டெல்லா என்கிற உடற்கல்வி ஆசிரியை, காலனிப் பெண் பிள்ளைகளை வைத்துக் கபடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதே காலனியில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ஸ்டெல்லா படித்து வேலைக்குப் போன பிறகும் காலனியை விட்டுப் போகவில்லை. மாலையானால் விசிலை மாட்டிக்கொண்டு பொட்டலில் நிற்பார்.

அளவீட்டு நோட்டீஸ் போனதும் லாட்ஜ் உரிமையாளர்கள் கூட்டம் போட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் வெங்கடேசலு. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவருடைய லாட்ஜின் பின்கேட்டைத் திறந்தால் அந்த மைதானம்தான். அலுவலகத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"அளந்துக்கங்கம்மா. கட்டறோம். ஆனா நாங்க கட்டற வரியில எங்களுக்கு இன்னா செய்யறீங்க? சீசன்ல பஸ் நிறுத்த எடம் இல்லாம தெருவே அடைச்சுக்குது. பின்னாடி அந்த எடம் சும்மா கெடக்குது. அதை பஸ்ஸுக்குக் குடுங்க. பசங்களுக்கு வாலாஜாபாத் ரோட்டுல ஊருக்கு வெளிய உங்க எடம் ஒண்ணு இருக்குதே, அங்க நல்லா பெருசா கட்டிக் குடுங்க. இல்லன்னா நாங்க கோர்ட்டுக்குப் போறோம்."

கோர்ட் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். ஒரு தடை உத்தரவு வந்தால் கோப்பு அலமாரிக்குள் போகும். அது வெளியே வரும்போது ஸ்டெல்லாவின் பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்திருக்கும். வரியும் வராது, மைதானமும் வராது.

ஊருக்கு வெளியே இருக்கும் அந்த இடம் நிஜமாகவே நல்ல இடம். விசாலம், மேடு, தண்ணீர் நிற்காது. அலுவலகத்தில் பாதிப்பேர் அப்போதே வெங்கடேசலுவின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பஸ்ஸுக்கும் இடம் கிடைக்கிறது, பிள்ளைகளுக்கும் பெரிய மைதானம் கிடைக்கிறது, வழக்கும் இல்லை, இன்னும் என்ன வேண்டும் என்றார்கள். எனக்கும் ஒரு நாள் முழுக்க அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் ஸ்டெல்லா வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அது நல்ல எடம்தான் மேடம், நான் இல்லன்னு சொல்லல. பையனுங்க சைக்கிள்ல போயிடுவானுங்க. என் பொண்ணுங்க போவாதுங்க."

"ஏன், பஸ் வசதி கேட்டு வாங்கலாமே?"

"பஸ் இல்ல மேடம் விஷயம். இங்கன்னா அவங்கம்மா துணி காயப் போட்டுக்கினே பாக்கறாங்க. வாசல்ல நின்னா தெரியுது, அதனாலதான் விடறாங்க. கண்ணுக்கு மறைஞ்சுதுன்னா அதோட முடிஞ்சுது. வயசுக்கு வந்த பொண்ணை ரோட்டைத் தாண்டி யார் அனுப்புவாங்க, சொல்லுங்க?"

அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கேலரி வேண்டாம், நுழைவு வளைவு வேண்டாம் என்றார். கல்லைப் பொறுக்கிவிட்டுச் செம்மண் கொட்ட வேண்டும், விளக்கு வேண்டும், உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு கழிவறை வேண்டும். இவ்வளவுதான். அவர் போன பிறகு கோப்பை மூடிவைத்துவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டால் வழக்கு. அந்தப் பக்கம் போட்டால் அந்தப் பெண் பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விடுவார்கள், யாரும் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கமிஷனர் வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். இளைஞர், நல்லவர், அவசரக்காரர். "ரெண்டு தரப்பும் ஒத்துக்கற மாதிரி ஒரு குறிப்பு திங்கட்கிழமை காலையில என் மேஜையில இருக்கணும் மேடம்" என்றார். இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்கிற குறிப்பை இதுவரை யார் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெங்கடேசலுவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து கண்ணால் பாருங்கள் என்று போன் செய்தார். கல்யாண சீசன், ஊர் நிரம்பி வழிகிற ஞாயிறு. போனேன். முதல் மாடியில் தெருவைப் பார்த்த வராந்தாவில் நாற்காலி போட்டு டீயும் வரவழைத்தார். வேண்டாம் என்றேன்.

"விஷமா வெச்சுக்கீறேன்?" என்று முறைத்தார்.

"மோர் இருந்தா குடுங்க" என்றேன். மோர் இல்லை.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிராளி சொல்வது உண்மையாக இருந்தால் அதை ஒத்துக்கொள்ளப் பழகுங்கள், பாதி வேலை குறையும். தெரு முழுக்கக் கல்யாண வீட்டு பஸ்ஸும் வேனும். ஒன்றின் மூக்கில் ஒன்று. நடுவில் ஓர் ஆட்டோ மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா?" என்று வெங்கடேசலு என் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் எல்லாரும் நேராகப் பட்டுக் கடைக்குள் போனார்கள். அதன் பிறகு வெளியே வரவில்லை. முகூர்த்தப் புடவை எடுப்பது என்றால் உங்களுக்குத் தெரியாததா? இரண்டு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து, கடையையே விரித்துப் பார்த்து, பார்டர் சின்னது என்று மடித்து, கலர் மட்டம் என்று மடித்து, வெயில் சாய்ந்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். அதுவரை கூட வந்த ஆண்களும் பிள்ளைகளும் என்ன செய்வார்கள்? லாட்ஜில் கிடந்தார்கள். மாமாக்கள் ஒரே பேப்பரை மாற்றி மாற்றிப் படித்தார்கள். லிஃப்டுக்குள் ஒரு வானரப் படை எல்லாப் பொத்தானையும் அமுக்கிக்கொண்டு மேலும் கீழும் போய் வந்தது. படிக்கட்டில் யாரோ விழுந்து அழும் சத்தம். வெங்கடேசலு பேச்சை விட்டுவிட்டு, "டேய், ஓடாதீங்கடா" என்று எழுந்து ஓடினார்.

அவர் போன நேரத்தில் கீழே இறங்கி ஒரு பஸ் டிரைவரிடம் கேட்டேன். துண்டை விரித்துப் பின்சீட்டில் படுத்திருந்தார்.

"வண்டி எப்ப கெளம்பும்?"

"அவங்க பொடவை எடுக்கணுமே மேடம். பொழுது சாயும். அதுவரைக்கும் இதுல யாரும் ஏற மாட்டாங்க."

எனக்கு அப்போதுதான் தலைக்குள் ஏதோ நகர்ந்தது. அது முழுதாகப் பிடிபடுவதற்குள் லாட்ஜுக்குப் பின்னாலிருந்து வெங்கடேசலு கத்துகிற சத்தம் கேட்டது. பின்பக்கம் ஓடினேன்.

லாட்ஜின் பின்கேட் திறந்திருந்தது. ஞாயிறு என்பதால் மைதானத்தில் ஸ்டெல்லாவும் பெண் பிள்ளைகளும் பகலிலேயே பயிற்சியில் இருந்தார்கள். கோட்டுக்கு வெளியே சுடிதாரில் ஒரு பெண் நின்று வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையில் பழைய மருதாணி. அவள்தான் கல்யாணப் பெண், திண்டிவனத்துப் பக்கம். மாமியாராகப் போகிற அத்தை அரக்கு என்கிறார், அம்மா மாம்பழ மஞ்சள் என்கிறார், இவளுக்கு இலைப்பச்சை. யாரும் கேட்காததால் கடையிலிருந்து எழுந்து லாட்ஜுக்கு வந்துவிட்டாள். வந்தவள் ஜன்னல் வழியாகக் கபடியைப் பார்த்திருக்கிறாள்.

"ஸ்கூல் டீம்ல இருந்தேன் டீச்சர். ரைட் கார்னர். ஒரே ஒரு ஆட்டம் ஆடிக்கட்டுமா?"

வெங்கடேசலு என் முழங்கையைப் பிடிக்காத குறை. "மேடம், அது கல்யாணப் பொண்ணு. கை கால் ஒடைஞ்சா என் லாட்ஜ் பேரு நாறிடும். நீங்க ஆபீசர்தானே, நிறுத்தச் சொல்லுங்க."

அவர் பயத்தைவிட என் பயம் பெரியது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல் விழுந்தால் போதும், மறுநாள் என் குறிப்பில் மைதானம் என்ற சொல்லுக்கே இடமிருக்காது. கை தூக்கி நிறுத்தியிருக்கலாம், எனக்கு அதிகாரமும் இருந்தது. ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணின் காதிலிருந்த தொங்கட்டானைக் கழற்றச் சொன்னார், துப்பட்டாவைக் குறுக்காக இழுத்து முடிந்தார், நகத்தைப் பார்த்தார், முட்டியை மடக்கி உட்கார்ந்து எழச் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். அது ஸ்டெல்லாவின் இடம். யாரை இறக்கலாம், யாரை இறக்கக்கூடாது என்று என்னைவிட அவருக்குத் தெரியும். பதவி இருக்கிறது என்பதற்காக எல்லா முடிவையும் நாம் எடுக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். வெங்கடேசலுதான் பக்கத்தில் இருந்தார். "அண்ணா, கொஞ்சம் புடிங்க" என்று செருப்பு, வளையல், தொங்கட்டான், போன் எல்லாவற்றையும் அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். லாட்ஜ் உரிமையாளர் சங்கத் தலைவர் இரண்டு கையிலும் கல்யாணப் பெண்ணின் செருப்போடு நின்ற காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆட்டம் நடக்கும்போதே அவர் கையில் இருந்த போன் அடித்தது. திரையில் 'அத்தை' என்று இருந்தது. என்னைப் பார்த்தார். நான் ஆட்டத்தைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் எடுத்தார்.

"இங்கதாம்மா இருக்குது பொண்ணு. பத்திரமா இருக்குது. சாமி கும்பிட்டுக்கினு இருக்குது."

அந்த நேரம் பார்த்துக் கபடி பாடிக்கொண்டு வந்த பிள்ளையின் கணுக்காலைக் கல்யாணப் பெண் தாவிப் பிடித்தாள். இரண்டு பேரும் புழுதியில் விழுந்தார்கள். விசில் பறந்தது. அந்த விசில் மைதானத்திலிருந்து மட்டும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், பேப்பர் படித்த மாமாக்கள், லிஃப்டில் ஏறி இறங்கிய வானரங்கள், மாப்பிள்ளை உட்பட மொத்த லாட்ஜும் பின்கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை வாயை மூட மறந்திருந்தார். வெங்கடேசலு அவர்களைப் பார்த்தார், பிறகு தன் லாட்ஜைப் பார்த்தார். படிக்கட்டில் ஒரு சத்தம் இல்லை.

சற்று நேரத்தில் அத்தைக்காரி கடையிலிருந்து வந்துவிட்டார். சாமி எங்கே கும்பிடுகிறாள் என்று தேடிக்கொண்டு வந்தவர், புழுதியோடு நின்ற மருமகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"கபடி ஆடினேன் அத்தை."

"ஜெயிச்சியா?" என்றார் அவர்.

ஜெயித்தாள். ஆனால் எந்தப் புடவை எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. இலைப்பச்சை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு வெங்கடேசலுவைப் பின்கேட்டிலேயே நிறுத்திப் பேசினேன். "உங்க பஸ் காலையில வந்து நின்னா பொழுது சாயற வரைக்கும் யாருக்கும் தேவையில்ல. அது ஏன் உங்க வாசல்ல நிக்கணும்? ஆளை இறக்கிட்டு வாலாஜாபாத் ரோட்டு எடத்துக்குப் போகட்டும். கடையில பில் போடும்போது ஒரு போன். பொடவையைப் பொட்டலம் கட்டி வெளிய எடுத்துக்கினு வர்றதுக்குள்ள வண்டி வந்துடும். பிள்ளைங்களை ஊருக்கு வெளிய அனுப்பிட்டு, பஸ்ஸைப் பக்கத்துல வெச்சுக்கறது எதுக்கு?"

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. அங்கே டிரைவர்கள் படுக்க ஒரு ஷெட் வேண்டும், குளிக்கத் தண்ணீர் வேண்டும் என்றார். எழுதுகிறேன் என்றேன். தன் பின்கேட்டை மூடச் சொல்லக்கூடாது என்றார். அதற்கு ஸ்டெல்லா குறுக்கே வந்து, "கேட்டு தொறந்திருக்கட்டும் சார். ஆனா பிராக்டிஸ் நேரத்துல கோர்ட்டு எங்களுது. உங்க ஆளுங்க அந்தக் கோடியில ஆடிக்கட்டும்" என்றார். வெங்கடேசலு கொஞ்ச நேரம் தெலுங்கில் முணுமுணுத்தார். பிறகு, சங்கத்துக்காரர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை கமிஷனர் குறிப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அதே ரெண்டு இடம்தானே இருக்கு, இதுல என்ன புதுசு?"

"ஒண்ணும் புதுசு இல்ல சார். இடத்தை மாத்திப் போட்டிருக்கேன்."

அவர் மறுபடி படித்தார், கையெழுத்துப் போட்டார். இந்தக் கோப்பில் நாங்கள் எல்லாரும் பஸ் முக்கியமா, பிள்ளைகள் முக்கியமா என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். எது தூரமாகப் போனாலும் கெட்டுப்போகாது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்க அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது. உங்கள் கோப்பிலும் இப்படி ஒன்று வரும். கையெழுத்துக்கு முன்னால் அந்த இடத்தில் அரை நாள் சும்மா நில்லுங்கள். டேப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

லாட்ஜ்காரர்கள் வழக்குப் போடவில்லை. அளந்தோம், வரி வந்தது, வேலை நடந்தது. எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். முதலில் வந்த லாரிச் செம்மண்ணில் கல் கிடந்தது என்று ஸ்டெல்லா லாரியையே திருப்பி அனுப்பிவிட்டார், ஒப்பந்தக்காரர் என்னிடம் வந்து சண்டை போட்டார். கழிவறைக் கதவில் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்திருந்தார்கள். அதைக் கழற்றி உள்பக்கம் போடவைத்த பிறகுதான் திறப்பு விழாவுக்குத் தேதி கொடுத்தார் ஸ்டெல்லா. இப்போது மாலையில் அந்தப் பக்கம் போனால் காலனித் தாய்மார்கள் துணி எடுக்க வந்த சாக்கில் ஆட்டம் முடியும்வரை நிற்கிறார்கள். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

போன வாரம் வெங்கடேசலு போன் செய்தார். ஓய்வு பெற்றவளுக்கு இவர் ஏன் போன் செய்கிறார் என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

"மேடம், கிரவுண்டுல காலனிப் பக்கத்து மூலையில இருட்டா இருக்குது. பொண்ணுங்க வீட்டுக்குப் போற வழி அது. இன்னொரு லைட் போடுங்கன்னு கேட்டா, இந்த வருஷம் அதுக்கு நிதி இல்லன்றாங்க உங்க ஆபீஸ்ல."

"நான் இன்னா பண்ண முடியும்? நான் ரிடயர் ஆயிட்டேனே."

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மொட்டை மாடியில புதுசா ரெண்டு ரூம் கட்டிக்கீறேன். இன்னும் யாரும் வந்து அளக்கல. வந்து அளக்கச் சொல்லுங்க. அளந்து வரியப் போட்டுட்டு, அந்த லைட்டைப் போடச் சொல்லுங்க."

என் சர்வீஸ் முழுவதும் எத்தனையோ மாடி ஏறியிருக்கிறேன். வந்து அளந்துகொள் என்று என்னைக் கூப்பிட்ட மனிதர் இவர் ஒருவர்தான்.

அந்தத் தெரு இப்போது உங்களில் யாருடைய பொறுப்பு என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் நாளைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வாருங்கள். அவர் டீ கொடுப்பார், வாங்காதீர்கள். வேலை முடிந்து இருட்டியதும் பின்கேட் வழியாக மைதானத்துக்குப் போய், காலனி டீக்கடையில் உங்கள் காசில் ஒரு டீ வாங்கி, அந்த இருட்டு மூலையில் நின்று குடியுங்கள். விளக்கை எங்கே நடுவது என்று தெரிந்துவிடும்.